நாலு கால் கோழி

திங்கட்கிழமை காலை எழுந்ததிலிருந்து சின்னவள் எல்லோரிடமும் நல்லபடியாக நடந்துகொண்டாள்.

அந்த வீட்டில் அது அதிசயம். கேட்காமலே எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள். புருஷனின் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். பெரியவளின் டிபன் டப்பாவைக்கூடக் கழுவித் துடைத்து வைத்தாள். கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்த புருஷன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"ஏன், நான் வேலை செஞ்சா உங்களுக்குப் பொறுக்காதா?"

"பயமா இருக்கு. அதான் கேட்டேன்."

பாவம், விளையாட்டாகத்தான் சொன்னான். சனிக்கிழமை மத்தியானம் அவன் பெண்டாட்டி பள்ளிக்கூடத்தில் செய்த காரியம் அவனுக்குத் தெரியாது. போன வாரம் படித்த நமக்குத் தெரியும். படிக்காதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சொல்ல நாக்கு கூசத்தான் செய்கிறது.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இருவரும் ஒரே பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர்கள். அண்ணன் மனைவி பெரியவளுக்கு 'அ' பிரிவு. தம்பி மனைவி சின்னவளுக்கு 'ஆ' பிரிவு. பிள்ளைகள் குறைந்துபோனதால் வரும் வருடம் இரண்டு பிரிவையும் ஒன்றாக்கப் போகிறார்கள். அப்புறம் ஒரு டீச்சர் போதும். அது யார் என்பதைத் தானே வகுப்புக்கு வந்து பார்த்துச் சொல்வதாகத் தாளாளரம்மா சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடமே அவளுடையது, அவள் சொன்னால் அப்பீல் கிடையாது. அவள் வருகிற நாள் இந்தத் திங்கட்கிழமை.

இந்த நாளுக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வகுப்பிலும் தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு, மேலே கண்ணாடி மூடி, கோழிமுட்டைகளை வைத்துப் பொரிக்கவிட்டிருந்தார்கள். பிள்ளைக்கு ஒரு முட்டை. அவரவர் முட்டையில் அவரவர் பென்சிலால் ஒரு படம். ஒன்றிரண்டு பொரிக்காமல் போனால் இருக்கட்டும் என்று சில உபரி முட்டைகளும் உண்டு. அவற்றில் படம் கிடையாது. இன்றைக்குக் குஞ்சு வெளியே வரவேண்டும்.

லீவு நாளில் பெட்டிகளைப் போய்ப் பார்ப்பது முறை வைத்து. இந்தச் சனி ஞாயிறு சின்னவள் முறை. போனாள். ஈரத்துக்காகத் தன் பெட்டியில் வைத்திருந்த தட்டில் தண்ணீர் ஊற்றினாள். பக்கத்து வகுப்புக்குப் போய்ப் பெரியவளின் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்து துணி மடித்தாள். மறுநாள் சாயங்காலம் திரும்பப் போய் சுவிட்சைப் போட்டாள். மழைக்காலம். சில்லென்ற அறை. அதற்குள் பெட்டியில் இருந்த அத்தனையும் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயின.

ஒன்றைத் தவிர.

சின்னவளின் ஒரே மகள், எல்லோரும் 'பொடிசு' என்று கூப்பிடுகிற ஏழு வயதுக்காரி, படிப்பது பெரியவளின் வகுப்பில். "சொந்த அம்மாகிட்ட படிச்சா பிள்ளை உருப்படாது" என்று பெரியவள் அப்போதே அவளைத் தன் பக்கம் போட்டுக்கொண்டாள். பெற்ற மகளின் முட்டையைச் சாகவிட சின்னவளுக்கு மனசு வரவில்லை. சுவிட்சை அணைக்கும் முன் அதை மட்டும் எடுத்தாள். ரப்பரால் படத்தை அழித்துத் தன் பெட்டியில் உபரி முட்டைகளோடு சேர்த்தாள். உபரி முட்டை ஒன்றில் மகள் போட்டிருந்த கோழிப் படத்தைப் போட்டு, படம் கீழே இருக்கிறமாதிரி பெரியவளின் பெட்டியில் வைத்தாள். மற்ற பிள்ளைகளின் முட்டைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பெரியவள் ஒன்றும் அவளை அடிக்கிறவளோ திட்டுகிறவளோ கிடையாது. சண்டைக்கு வந்தாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம். சின்னவள் சமைத்ததை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவருவாள். அப்புறம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் எழுதுகிற மாதிரி, "நல்ல முயற்சிம்மா" என்பாள். கல்யாணமாகி வந்த வாரத்திலிருந்து சின்னவள் அந்த வீட்டில் முயற்சி செய்துகொண்டே இருக்கிறாள். ஒருநாளும் பாஸாகவில்லை.

தனிக்குடித்தனம் போகலாம் என்று புருஷனை நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்கியிருந்தாள். "உன் வேலை நிலைச்சா பாக்கலாம்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனையும்.

கூடத்தில் பொடிசு பெரியவளின் மடிக்கு முன்னால் உட்கார்ந்து தலையைக் கொடுத்திருந்தாள். பெரியவளுக்குப் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். தினமும் அவள் கைதான் பொடிசுக்குப் பின்னல் போடும். சின்னவள் சீப்பை எடுத்தாலே பொடிசு "வலிக்குது" என்று ஓடிவிடுவாள்.

"பெரியம்மா, யாரோடது முதல்ல வரும்?"

"எது ரெடியோ அது வரும்."

"என்னோடதுதான் வரும். என் கோழிக்கு நாலு காலாச்சே! வேகமா ஓடி வந்துடும்."

பெரியவள் சிரித்தாள். "ஆமாமா. வகுப்பே சிரிச்சுது. இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த சின்னவளின் கை நின்றது.

நாலு கால். சரிதான், நாலு கால் போட்டிருந்தாள். நாம் எத்தனை போட்டோம்? கொண்டை போட்டது நினைவிருந்தது. வால் போட்டது நினைவிருந்தது. கால் நினைவில்லை. எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் கோழி போட்டுப் போட்டுப் பழகின கை. அதுபாட்டுக்குப் போட்டிருந்தால்?

யாரும் பார்ப்பதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

"நீயும் வாயேன், சேர்ந்தே போகலாம்" என்றாள் பெரியவள், ரிப்பனை இறுக்கிக்கொண்டே.

"நீங்க மெதுவா வாங்கக்கா. நான் முன்னாடி போயி ரெண்டு ரூமையும் திறந்து வெக்கறேன்."

"என் ரூம் சாவி என்கிட்ட இருக்கு. நேத்து ராத்திரியே உன் பையிலேருந்து எடுத்துக்கிட்டேன். உனக்கு ஏன் சிரமம்?"

சின்னவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள்.

'ஆ' பிரிவில் காலையிலேயே கொண்டாட்டம். கண்ணாடிக்குக் கீழே குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து கத்தின. ஈரம் காயாதவை நனைந்த பஞ்சு மாதிரி ஒட்டிக்கிடந்தன. காய்ந்தவை மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தன. முன்பல் விழுந்த ஒரு பெண், "டீச்சர், என்னோடது என்னைப் பாத்து முறைக்குது" என்றாள். சின்னவள் எல்லோரையும் போலச் சிரித்தாள். அவள் கண் உபரி முட்டைகள் இருந்த மூலைக்குப் போனது. அங்கே ஒரு ஓடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் உச்சந்தலையில் கறுப்புப் புள்ளியோடு ஒரு குஞ்சு, தள்ளாடித் தள்ளாடி நின்றது. பொடிசின் குஞ்சு. அதைப் பார்த்ததும் அவளுக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை என்ன சொல்ல?

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

தாளாளரம்மா பத்து மணி வாக்கில் வந்தாள். வாசனை முதலில் வந்தது, குரல் அடுத்து வந்தது, ஆள் கடைசியில். யாரையும் புண்படுத்துகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் புண்படுத்துகிற ரகம். அதனால் எப்போதும் சந்தோஷமாக இருப்பாள். 'ஆ' பிரிவுப் பெட்டியைப் பார்த்துக் கைதட்டினாள். ஒரு குஞ்சை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "சின்ன டீச்சர், பிரமாதம் போங்க!" சின்னவளுக்கு உச்சி குளிர்ந்தது. "நீங்களும் வாங்க, பக்கத்து வகுப்பைப் பாப்போம்" என்று அவளையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

'அ' பிரிவில் பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. சத்தம் கேட்டால் குஞ்சு பயந்துவிடும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் தன் குஞ்சுக்காகக் கம்பளி நூலில் விரல் நுனி அளவு தொப்பி ஒன்று பின்னி வாங்கி வந்திருந்தான். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"என்ன டீச்சர், அங்க கச்சேரியே நடக்குது, இங்க சத்தத்தையே காணோம்?"

"கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும்மா" என்றாள் பெரியவள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் வகுப்புக்கு வந்ததிலிருந்து அவள் அந்தக் கண்ணாடியை எத்தனை முறை துடைத்திருப்பாளோ, அதில் ஒரு பொட்டு ஆவி கூட இல்லை.

"ஒரே பண்ணை முட்டை. ஒரே நாள் வெச்சது. அதென்ன உங்களுது மட்டும்? லீவுல யாரு பாத்துக்கிட்டது?"

இந்தக் கேள்விக்குச் சின்னவள் பதிலை இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"நான்தான்மா. ரெண்டு பெட்டியையும் ஒரே மாதிரிதான் பாத்தேன்."

"அதானே! ஒரே ஆளு பாத்து அங்க பொரிச்சிருக்கு, இங்க பொரிக்கல. அப்ப கோளாறு முன்னாடியே நடந்திருக்கு. தெனமும் முட்டைங்களைத் திருப்பி வெச்சீங்களா டீச்சர்?"

"வெச்சோம்மா. போன வாரம் டார்ச் அடிச்சுப் பாத்தோம். எல்லாத்துலயும் அசைவு இருந்துச்சு. பிள்ளைங்களே பாத்தாங்க."

"ஆமா, என்னோடது காலை ஆட்டுச்சு" என்றான் தொப்பிக்காரன்.

"அப்படியா? பாத்துடுவோமே" என்று தாளாளரம்மா மூடியைத் தூக்கினாள். கைக்கு வந்த முட்டையை எடுத்துக் காதருகில் ஆட்டினாள். பெரியவள் "பிள்ளைங்க முன்னாடி வேணாம்மா" என்று கையை நீட்டுவதற்குள் மேஜை விளிம்பில் தட்டிவிட்டாள்.

உள்ளே குஞ்சு முழுசாக இருந்தது. இறகு, நகம், அலகு எல்லாம். கழுத்து மடங்கி, ஈரமாக, செய்தித்தாள் மேல் சொத்தென்று விழுந்தது.

முதலில் யாரும் அழவில்லை. தொப்பிக்காரன் எட்டிப் பார்த்தான். உடைந்த ஓட்டில் இருந்தது அவன் போட்ட ரயில் வண்டி. அவன் வாயைத் திறந்தான், சத்தம் வரச் சற்று நேரமாயிற்று. அப்புறம் வகுப்பே அழுதது.

சின்னவள் கதவோரம் நின்று பார்த்தாள். இதைத்தான் எதிர்பார்த்தாள், இதற்காகத்தான் செய்தாள். ஆனால் அவள் மனசில் பார்த்த படத்தில் பெரியவளின் முகம் மட்டும்தான் இருந்தது; இந்தப் பிள்ளைகளின் முகம் ஒன்று கூட இல்லை. இப்போது கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதற்காக வாயைத் திறந்தாளா? இல்லை. வேலை பெரிதல்லவா?

"சரி சரி, அழாதீங்க. கோழிதானே" என்றாள் தாளாளரம்மா, விரலைத் துடைத்துக்கொண்டே. "டீச்சர், நான் குத்தம் சொல்லல. வயசானா கைமறதி வரத்தான் செய்யும். அடுத்த வருஷம் ரெண்டு வகுப்பையும் சின்ன டீச்சரே பாத்துக்கட்டும். நீங்க வீட்டுல கொஞ்சம் ஓய்வா இருங்க. என்ன?"

பிள்ளைகள் முன்னால், அழுகைச் சத்தத்துக்கு நடுவில், இத்தனை வருட வேலை இரண்டு வாக்கியத்தில் போயிற்று. பெரியவள் "சரிம்மா" என்றாள். செத்த குஞ்சின் மேல் செய்தித்தாளை மடித்து மூடினாள். அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"யாரும் பயப்படாதீங்க. அவங்கவங்க முட்டைய மெதுவா எடுத்து இந்தக் கூடையில வைங்க. தோட்டத்துல குழி தோண்டிப் புதைக்கலாம்."

ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள். பொடிசு வந்தாள். ஒன்றை எடுத்தாள், திருப்பினாள், உற்றுப் பார்த்தாள்.

"டீச்சர், இது என் முட்டை இல்ல."

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெரியம்மாவும் டீச்சர்தான்.

"கோழி போட்டிருக்கே, உன்னோடதுதானே?"

"என் கோழிக்கு நாலு கால். இதுக்கு ரெண்டுதான் இருக்கு."

வாசல் வரை போய்விட்ட தாளாளரம்மா திரும்பிவந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "கோழிக்கு நாலு காலா? நல்லா இருக்கு பாடம்! இதைக்கூடத் திருத்தலியா டீச்சர் நீங்க?"

பெரியவள் அந்த முட்டையை வாங்கிப் பார்த்தாள். இரண்டு கால்கள். ஒவ்வொன்றிலும் முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று, அளந்து போட்ட மாதிரி. பக்கத்து வகுப்புக் கரும்பலகையில் வருடாவருடம் நிற்கிற அதே கோழி. அவள் தலையை நிமிர்த்திக் கதவோரம் நின்ற சின்னவளைப் பார்த்தாள்.

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. முடிந்தது, இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள்.

"திருத்தினேனே" என்றாள் பெரியவள். "நான்தான் அழிச்சுட்டு ரெண்டு கால் போட்டேன். மறந்தே போச்சு."

"நீங்க போடல!" என்றாள் பொடிசு.

"போட்டேன்டா கண்ணு. நீ கூடையில வை."

பொடிசு வைத்தாள். ஆனால் பெரியம்மா பார்த்த திசையை அவளும் பார்த்தாள்.

மத்தியான மணி அடித்த பிறகு, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருந்த மண்ணில் பெரியவள் தனியாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் டிபன் டப்பாவை மூடிவைத்தாள். போகாமல் இருந்திருக்கலாம். கால் தானாகப் போயிற்று.

"நான் தோண்டறேன் அக்கா, குடுங்க."

"வேணாம். சேலை அழுக்காயிடும்." பெரியவள் கூடையிலிருந்து அந்த முட்டையை எடுத்து அவளிடம் நீட்டினாள். "கோழிக்கு ரெண்டு கால்தான். சரியாத்தான் போட்டிருக்கே. நல்ல முயற்சிம்மா."

சின்னவள் அதை வாங்கவில்லை.

"உன் பொண்ணோடதை மட்டும் எடுத்துட்ட. அப்படின்னா மத்தது சாகும்னு தெரிஞ்சுதான் எடுத்திருக்க. சுவிட்சை அணைச்சியா, பிளக்கைப் பிடுங்கி விட்டியா?"

"அக்கா, நீங்க என்னென்னவோ..."

"அணைச்சியா, பிடுங்கி விட்டியா?"

"அணைச்சேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. பெரியவள் தலையாட்டினாள், பிள்ளை சரியான விடை சொன்னால் ஆட்டுவாளே, அதே மாதிரி. முட்டையை மற்றவற்றோடு குழியில் வைத்தாள். மண்ணைத் தள்ளினாள்.

"தாளாளரம்மாகிட்ட சொல்லப்போறீங்களா?"

"இல்ல."

"அவர்கிட்ட?"

"உன் புருஷன்கிட்டயா? இல்ல. யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல."

"ஏன் அக்கா?"

பெரியவள் குழாயைத் திறந்து நகக்கண்ணில் இருந்த மண்ணை நிதானமாகக் கழுவினாள்.

"சொல்லிட்டா ஒரு நாள் சண்டையோட முடிஞ்சுபோயிடும். எதுக்கு முடிக்கணும்? சொல்லாம இருந்தா தினமும் நீ என் முகத்தைப் பாத்துப் பாத்துச் சாப்பிடுவ. அது நல்லா இருக்கும்."

சிரிக்கக்கூட இல்லை அவள். கையை உதறிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், பெரியவளிடம் இப்படி ஒரு பேச்சை நானே எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது முன்னால் பெரியவளும் பொடிசும் கைகோத்துப் போனார்கள். ஷூ டப்பாவில் துளை போட்டு, உள்ளே கறுப்புப் புள்ளிக் குஞ்சை வைத்துக்கொண்டு, பின்னால் சின்னவள் வந்தாள். வழியெல்லாம் பொடிசு என்னவோ கேட்டுக்கொண்டே போனாள். பெரியவள் குனிந்து பதில் சொன்னாள். பின்னால் வந்தவளுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வேகமாக நடந்து எட்டிப் பிடிக்கலாம் என்று பார்த்தால், டப்பாவுக்குள் குஞ்சு உருண்டு கத்தியது.

வீட்டுக்கு வந்ததும் மகளை மாடி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். மேஜை விளக்கைத் தாழ்த்தி, டப்பாவைத் திறந்து காட்டினாள். குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத் தலையைத் தூக்கியது.

"யாருக்கு இது?"

"உனக்குத்தான்டி."

பொடிசு தொடவில்லை. "எந்த முட்டையில வந்துச்சு?"

உபரி முட்டை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்று முழுவதும் எத்தனையோ பொய் சொன்னவள், இதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை கிடைத்த சந்தோஷத்தை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லமுடியாமல், குழாயடியில் அந்தப் பேச்சையும் வாங்கிக்கொண்டு வந்தவளுக்கு, அந்த வீட்டில் ஒரே ஒரு ஆளாவது தன்னைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

"உன் முட்டையிலதான். நாலு கால் கோழி முட்டை. அம்மா யாருக்கும் தெரியாம எடுத்துப் பத்திரமா வெச்சேன். உனக்காக."

"எப்ப எடுத்தே?"

"சனிக்கிழமை."

"அப்ப மத்ததெல்லாம் உயிரோட இருந்துச்சா?"

சின்னவள் குஞ்சின் மேல் விரலால் தடவிக்கொடுத்தாள்.

"இருந்துச்சாம்மா?"

"இருந்திருக்கும்."

"அதையெல்லாம் ஏன் எடுக்கல?"

ஏழு வயதுக் கேள்விதான். நாற்பது வயது ஆள் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். சின்னவள் மண்டியிட்டு மகளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாரு. இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"அப்பாகிட்ட?"

"அப்பாகிட்ட சொல்லவே கூடாது."

"சொன்னா என்ன ஆகும்?"

"அம்மாவோட வேலை போயிடும். எல்லாரும் அம்மாவை வெறுத்துடுவாங்க. உனக்கு அது நல்லா இருக்குமா?"

பொடிசு யோசித்தாள். மிட்டாய்க் கடையில் எதை வாங்குவது என்று யோசிப்பாளே, அப்படி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, நிதானமாக.

"சரி, சொல்லல. ஆனா நாம தனி வீட்டுக்குப் போகக் கூடாது. இங்கயேதான் இருக்கணும். பெரியம்மாகூட."

"அதெல்லாம் பெரியவங்க விஷயம்டி."

"அப்ப சொல்லிடுவேன்."

குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. சின்னவள் அவள் தோளை விட்டாள். "இப்படிக் கேக்கச் சொல்லி யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா? பெரியம்மாவா?"

பொடிசு குஞ்சைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து புருஷனின் குரல் கேட்டது. மனிதன் குஷியாக இருந்தான். "கேட்டியா? அண்ணி எல்லாம் சொன்னாங்க! உனக்கு வேலை நிலைச்சுடுச்சாமே! வாடகைக்கு ஒரு வீடு விசாரிச்சு, வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் சாவி தர்றேன்னு சொன்னார். போயிப் பாத்துடலாமா?"

எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை! எத்தனை ராத்திரி அழுது, எத்தனை வேளை பட்டினி கிடந்து கேட்ட வார்த்தை! சின்னவள் கதவைத் திறந்து மாடிப்படி உச்சியில் வந்து நின்றாள். பக்கத்தில் பொடிசு வந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பதிலையே காணோம்? போலாமா?"

"இப்ப... இப்ப எதுக்குங்க?" என்றாள் சின்னவள். "வேணாம். இங்கயே இருக்கலாம்."

"என்னடி இது! நீதானே தினமும் என் உயிரை வாங்கினே?"

"இங்கயே இருக்கலாம்னு சொல்றேன்ல!"

அவன் ஒன்றும் புரியாமல் சமையலறைப் பக்கம் பார்த்தான். அங்கே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

பொடிசு தடதடவென்று படியிறங்கி ஓடினாள். பெரியம்மாவின் கழுத்தைப் பிடித்துத் தன் உயரத்துக்கு இழுத்து, காதில் கை வைத்து மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். மாடியில் நின்றவள் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெரியவள் கேட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாள். பிள்ளையின் தலையைத் தடவினாள். அப்புறம் மாடியைப் பார்த்து, அன்பாகக் கூப்பிட்டாள்.

"சாப்பிட வாம்மா. உனக்கும் தட்டு வெச்சாச்சு."